கயிறு பிடிக்கிறவர்

கருப்பட்டி வாங்கப் போன இடத்தில் ஒரு பெரியவருக்கு ஒபேரா போட்டுக் காட்டிவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள். நடந்தது வேம்பாரில்.

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் பக்கம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், தூத்துக்குடி மாவட்டம் முடியப்போகிற ஓரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஒரு பக்கம் பனை, மறுபக்கம் கடல். வேம்பார் கருப்பட்டி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். ஆனால் ஊரின் பழைய அடையாளம் வேறு. முத்துக்குளித்துறை என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்கிற கரையின் ஏழு பழைய துறைகளில் வேம்பாரும் ஒன்று. என்னோடு பி.காம். படித்த நண்பனுக்கு இதுதான் சொந்த ஊர். அவனுடைய பெரியப்பா எண்பதை நெருங்குகிறார். ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1955 தொடங்கி 1961 வரை. அப்போது பெரியவர் பள்ளிக்கூடப் பையன். அதற்கப்புறம் யாரும் முத்துக்காக முங்கவில்லை.

பேச்சு அந்தப் பக்கம் போனது. "கீழ போறது ஒண்ணும் பெரிய காரியமில்ல தம்பி. மேல வரணும்ல?" என்றார்.

குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து இறங்குவார். கூடவே ஒரு வலைப்பை. கீழே ஏறக்குறைய ஒரு நிமிஷ மூச்சு. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை ஒரு சுண்டு. வள்ளத்தில் இருப்பவர் இழுக்க வேண்டும். தாமதித்தால் முடிந்தது கதை. சரி, அந்தக் கயிற்றை யார் பிடிப்பது?

மச்சான்.

அக்காவோ தங்கச்சியோ தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான். அதனால் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். நான் படித்த படிப்பின் பாஷையில் சொன்னால், ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவன் மூழ்கினால் யாருக்கு நஷ்டமோ அவனிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவர் சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு பழைய ரெக்கார்டு ஞாபகம் வந்தது. இருபது வருஷமாகக் கேட்கிறேன். அதில் இத்தனை நாள் டெனரை மட்டும்தான் கேட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நண்பனின் பையனிடம் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தேன்.

ஒபேராவின் பெயர் 'முத்துக் குளிப்பவர்கள்'. எழுதியவர் ஜார்ஜ் பிஸே. 1863 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் முதலில் மேடையேறியபோது அவருக்கு 24 வயது. கதை நடக்குமிடம் இலங்கை. அதாவது, இதோ இந்த மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் கதை நடப்பதாக இருந்தது மெக்ஸிகோவில்! பிறகு மாற்றிவிட்டார்கள். பாரிஸ் சபைக்கு இரண்டும் ஒன்றுதான், தூரத்தில் எங்கேயோ இருக்கிற வெயில் தேசம். பிஸே இலங்கையைப் பார்த்ததே இல்லை. பாத்திரங்களின் பெயர்கள் ஸுர்கா, நாதிர், லெய்லா. இலங்கையின் பெரிய சலாபங்களுக்கு அரபு நாட்டுக் குளிகாரர்கள் வந்ததுண்டு என்பதால் நாதிரை மட்டும் மன்னித்து விட்டுவிடலாம்.

அந்தக் காலத்துப் பத்திரிகை விமர்சகர்கள் நார் நாராகக் கிழித்தார்கள். பாராட்டி எழுதிய பெரிய மனிதர் பெர்லியோஸ் ஒருவர்தான். மொத்தம் 18 காட்சிகள். அதோடு பெட்டிக்குள் போனது. 1875-ல் 'கார்மென்' மேடையேறி மூன்றே மாதத்தில், 36 வயதில் பிஸே இறந்துபோனார். 'முத்துக் குளிப்பவர்கள்' மறுபடி மேடையேறியதை அவர் பார்க்கவில்லை. 'கார்மென்' உலகமெங்கும் ஓட ஆரம்பித்த பிறகுதான், அந்தப் பையன் முன்னாடி என்ன எழுதினான் என்று தேடி, 1886-ல் மிலானில் இதை இத்தாலிய மொழியில் போட்டார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸுர்காவும் நாதிரும் நண்பர்கள். ஒரு கோயிலில் முக்காடிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து இருவருமே மயங்குகிறார்கள். நட்பு கெட்டுவிடக் கூடாது என்று அவளை மறப்பதாகச் சத்தியம் செய்துகொள்கிறார்கள். காலம் போகிறது. ஸுர்கா முத்துக் குளிப்பவர்களுக்குத் தலைவனாகிறான். காட்டில் திரிந்துவிட்டு நாதிர் திரும்பி வருகிறான். குளிகாரர்களைக் காக்கப் பாறை மேல் நின்று பாடுவதற்காக ஒரு பூசாரினி வருகிறாள். முக்காட்டுக்குள் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் பெரியவருக்குப் போட்டது முதல் அங்கத்தில் வரும் ஆண் குரல் டூயட். நண்பர்கள் இருவரும் அந்தப் பழைய நாளை நினைத்துப் பார்க்கிற இடம். டெனர் யூஸி பியோர்லிங், சுவீடன்காரர். பாரிடோன் ராபர்ட் மெரில், நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். ரெனாட்டோ செல்லினி நடத்த, 1950-51 வாக்கில் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனிக்காகப் பாடியது. ஸ்டீரியோ எல்லாம் கிடையாது. மோனோ. மொத்தமே ஐந்து நிமிஷம்தான். இந்த டூயட்டைப் பாடாத ஜோடி கிடையாது. ஆனாலும் எழுபது வருஷத்துக்கு மேலாக மற்ற எல்லா ஜோடிகளையும் இந்த ஒன்றோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

ஏன்? கேட்டுக்கொண்டே வாருங்கள்.

முதலில் ஹார்ப்பும் புல்லாங்குழலும் மெட்டை எடுத்து வைக்கின்றன. டெனர் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி, கண்ட காட்சியைச் சொல்கிறார். பாரிடோன் அதையே திருப்பிச் சொல்கிறார். ஒருவன் சொல்வதற்கு இன்னொருவன் 'ஆமாம், நானும் பார்த்தேன்' என்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் இரண்டு குரலும் சேர்ந்து அந்த மெட்டை எடுக்கின்றன. 'படித்தால் மட்டும் போதுமா' (1962) படத்தில் டி.எம்.எஸ்ஸும் பி.பி.ஸ்ரீனிவாஸும் தாங்கள் பார்த்த பெண்ணைப் பற்றி மாறி மாறிப் பாடுவார்களே, நினைவிருக்கிறதா? கனத்த குரல் ஒன்று, பஞ்சு மாதிரி ஒன்று. இங்கேயும் அதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே மாறி மாறி அல்ல, ஒரே நேரத்தில். ஒருவர் மேலே, மற்றவர் அதற்குத் துணையாகக் கொஞ்சம் கீழே.

பியோர்லிங்கின் குரலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எல்லோரும் வெள்ளியைத்தான் உவமைக்கு எடுப்பார்கள். எனக்கும் வேறு கிடைக்கவில்லை. சுத்தமான, கொஞ்சம் குளிர்ந்த குரல். அடியில் ஒரு வருத்தம். ஆனால் அந்த வருத்தத்தை அவர் ஒருபோதும் விசும்பிக் காட்டுவதில்லை. மேலே போகும்போது தள்ளுவது, முட்டுவது எதுவும் இல்லை. ஏணி வைத்து ஏறுகிற சத்தமே கேட்காமல் மாடியில் நிற்கிறார்.

இத்தனை வருஷம் அங்கேயே மயங்கி நின்றுவிட்டேன். இந்தத் தடவை பெரியவர் புண்ணியத்தில் மெரிலைக் கேட்டேன். மெரிலுக்கும் குரல் பெரியது. பின்னாளில் யாங்கி ஸ்டேடியத்தில், பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால், அமெரிக்க தேசிய கீதம் பாடியே பாமர ஜனங்களுக்கும் தெரிந்தவரானவர். அவர் நினைத்திருந்தால் பியோர்லிங்கை மூழ்கடித்திருக்கலாம். அப்படிப் பண்ணிய பாரிடோன்கள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். மெரில் என்ன செய்கிறார் தெரியுமா? டெனர் மூச்சு எடுக்கிற இடத்தில் தானும் எடுக்கிறார். டெனரின் குரல் எவ்வளவு அதிர்கிறதோ அந்த அளவுக்கே தன் குரலையும் அதிர விடுகிறார். பியோர்லிங் ஒரு வரியை நீட்டும்போது அடியில் ஒரு இம்மி தொய்வில்லை. விறைப்பும் இல்லை. கயிறு தொய்ந்தால் கீழே இருப்பவனுக்குச் செய்தி போகாது, ரொம்ப இழுத்தால் அவனால் வேலை செய்ய முடியாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். சரியாக அதுதான்.

இதையெல்லாம் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எனக்குத் திட்டிக் கடிதம் போடாதீர்கள். அதில் கீழ்க்குரல் பாதி காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் மாட்டுங்கள். இரண்டாவது தடவை டெனரை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

பெல் கான்ட்டோ என்று இத்தாலியில் ஒரு சங்கதி உண்டு. நேர் அர்த்தம், அழகான பாட்டு. ரோஸினி, பெல்லினி, டோனிஸெட்டி என்று மூன்று பேர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி. தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல், நீளமான மூச்சில், ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒட்டுப் போட்டது தெரியாமல் பாடுகிற முறை. பிஸே அந்த கோஷ்டி இல்லைதான். பிரெஞ்சுக்காரர், ஒரு தலைமுறை தள்ளி வந்தவர். ஆனால் இந்த ஒபேராவின் டெனர் பாட்டுகள் அந்தப் பள்ளியில் மூச்சுப் பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். மூச்சை நம்பித் தொழில் செய்கிறவர்களின் கதைக்கு மூச்சை நம்புகிற சங்கீதம். பிஸே யோசித்துச் செய்திருப்பார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

அடுத்து ஒரு வம்பான விஷயம். நாம் எல்லோரும் உருகுகிற இந்த டூயட்டின் முடிவு, பிஸே எழுதியதல்ல! அவர் எழுதிய 1863 மூலத்தில், நண்பர்கள் சத்தியம் செய்கிற இடத்துக்குத் தனியாக வேறொரு மெட்டு இருந்தது. பிஸே செத்த பிறகு பதிப்பாளர்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு, முதலில் வந்த பிரபலமான மெட்டையே திரும்பப் போட்டு முடித்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்ததை இன்னொரு தடவை கொடு என்கிற வியாபார புத்தி. பழைய 1863 வடிவத்தை ஆராய்ச்சியாளர்கள் தேடித் தூசி தட்டி, 1970-களிலிருந்துதான் அது மேடைக்கும் ரெக்கார்டுக்கும் வர ஆரம்பித்தது. பியோர்லிங்கும் மெரிலும் பாடியிருப்பது ஒட்டுப் போட்ட வடிவம்.

நியாயமாக நான் மூலத்தின் கட்சியில் இருக்க வேண்டும். இல்லை. காரணம் சொல்கிறேன். அந்தப் பிரபலமான மெட்டு நட்பின் மெட்டு அல்ல, அந்தப் பெண்ணின் மெட்டு. ஒபேரா முழுக்க லெய்லா தொடர்பான இடங்களில் அது திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். பிஸேயின் மூலத்தில் நண்பர்கள் அவளை மறக்கிறோம் என்று வேறு மெட்டில் சத்தியம் செய்கிறார்கள். நம்பும்படியாக இருக்கிறது. பதிப்பாளர்களின் ஒட்டில், அவளை மறக்கிறோம் என்று அவளுடைய மெட்டிலேயே பாடுகிறார்கள்! அந்தச் சத்தியம் நிற்காது என்று பாட்டே காட்டிக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் பியோர்லிங் உச்சத்தில் நிற்கும்போது அவர் குரலில் நண்பன் இல்லை, அவள்தான் இருக்கிறாள். மெரில் கீழே நின்று அதையும் தாங்குகிறார். பண்டிதர்கள் சரி. என் ஓட்டு தப்பானதற்கே.

நட்பின் பாட்டு என்றே உலகம் இதை எடுத்துக்கொண்டுவிட்டது. 1981-ல் வந்த பீட்டர் வெயரின் 'கல்லிபோலி' படத்தில், விடிந்தால் பையன்களைச் சாவுக்கு அனுப்பப்போகிற அதிகாரி ராத்திரி கிராமபோனில் போட்டுக் கேட்பது இதைத்தான்.

மற்ற ரெக்கார்டுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1907-ல் கரூஸோவும் மாரியோ அங்கோனாவும் இத்தாலிய மொழியில் பாடினார்கள். மைக் வருவதற்கு முந்தைய காலம். ஒரு தகரப் புனலுக்கு முன்னால் நின்று கத்த வேண்டும். தகரத்தையும் மீறிக் கரூஸோ தெரிகிறார், அங்கோனா பாவம். 1927-ல் மைக் வந்த புதிதில் ஜீல்யியும் டி லூக்காவும். ஜீல்யிக்குக் கேட்பவரை அழவைக்கிற ஆசை அதிகம். டி லூக்கா மட்டும் அதில் கனவான். அவர் 1916-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடையில் கரூஸோவோடு ஸுர்காவாகவே நடித்தவர். அங்கே அப்போது மூன்றே காட்சிகள்தான். அடுத்து அந்த மேடையில் இந்த ஒபேரா ஏறியது 2015 டிசம்பர் 31 அன்று! ஆக, அதே மெட்ரோபாலிட்டனின் நட்சத்திரங்களான பியோர்லிங்கும் மெரிலும் பாடிய காலத்தில், அந்த வீட்டில் இந்த ஒபேராவே கிடையாது. இந்த ஐந்து நிமிஷத்தோடு சரி.

முழு ஒபேராவும் வேண்டும் என்பவர்களுக்கு 1953-ல் ஜான் ஃபூர்னே நடத்திய ஃபிலிப்ஸ் பதிவைச் சிபாரிசு செய்வேன். நாதிராக லெயோபால்ட் சிமோனோ, லெய்லாவாக பியரெட் அலாரி. இருவரும் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர்கள், நிஜத்தில் கணவன் மனைவி. நாதிர் தனியாக இருட்டில் அவள் குரலை நினைத்துப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அலை ஆடுகிற தாளத்தில் போகும். மேல் ஸ்தாயியில் முழுத் தொண்டையைத் திறக்காமல், பாதிக் குரலில் மிதக்க வேண்டும். கரூஸோ 1904-ல் வெறும் பியானோவோடு பாடியது பிரமாதம்தான். ஆனாலும் சிமோனோ பாடுவதைக் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்று பாடுகிற மாதிரி இருக்கும். கதைப்படியும் அவள் அந்தப் பாறை மேல்தானே இருக்கிறாள்.

அந்தப் பாறைக்கு வருவோம். ஒரு பெண் கரையில் நின்று பாடிக் கடலின் தீமையை விரட்டுவதாவது, எல்லாம் பாரிஸ்காரன் கற்பனை என்றுதான் நானும் ரொம்ப நாள் நக்கலடித்துக்கொண்டிருந்தேன். பாதி தப்பு. நம் கரையில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். சலாபம் நடக்கும்போது மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் உத்தியோகம். பதிமூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ கணக்கே கொடுக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு சுறா கட்டுகிறவருக்கு. அதாவது ஐந்து சதவீத சர்வீஸ் சார்ஜ். ராத்திரியானால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இருட்டில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாதே! 1859-ல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய எமர்சன் டென்னன்ட் இன்னும் ருசியான தகவல் தருகிறார். அப்போது அந்தப் பரம்பரையின் தலைவராக இருந்த கடல்கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கராம்.

இதை நான் சொன்னதும் பெரியவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "சுறாவுக்கு என்ன தம்பி, வேதமா தெரியும்?" என்றார். பதினாறாம் நூற்றாண்டிலேயே வேதத்துக்கு வந்த ஊர். சின்ன வயதில் லத்தீன் பூசையில் அர்த்தம் தெரியாமல் பாடி வளர்ந்தவர் அவர். பியோர்லிங்கின் பிரெஞ்சு அவரை மிரட்டாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அர்த்தம் என்ன என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

முடிந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்ப முங்குவாங்க?"

ஐயா, முங்கவே மாட்டார்கள். மூன்று அங்கம். ஆட்டம் உண்டு, பூசை உண்டு, புயல் உண்டு, காதல், பொறாமை, தீ எல்லாம் உண்டு. மேடையில் ஒருவன்கூடக் கடலுக்குள் இறங்க மாட்டான். ஒரு சிப்பியைத் திறக்க மாட்டான். 2015-ல் நியூயார்க்கில் போட்டபோது அந்த டைரக்டருக்கே உறுத்தியிருக்க வேண்டும். திரை திறந்ததும் கம்பியில் ஆட்களைக் கட்டித் தொங்கவிட்டு, கடலுக்குள் நீந்துகிற மாதிரி காட்டினார். அதைச் சொன்னேன்.

"கம்பியிலயா?" என்றார். "புடிச்சது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்ற மிச்சக் கதையைச் சொன்னேன். நாதிரும் லெய்லாவும் பிடிபடுகிறார்கள். தலைவனான ஸுர்காவே பொறாமையில் மரண தண்டனை விதிக்கிறான். ஒரு கழுத்து மாலையைப் பார்த்து, சின்ன வயதில் தன் உயிரைக் காப்பாற்றியவளே இவள்தான் என்று கண்டுகொள்கிறான். தன் ஆட்களின் குடிசைகளுக்குத் தானே தீ வைக்கிறான். ஜனங்கள் நெருப்பை அணைக்க ஓட, இவர்கள் கட்டை அறுத்து, போங்கள் என்று அனுப்பிவைக்கிறான்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கீழ்க்குரல்காரனா?"

"ஆமாம் ஐயா."

"அவங்க போயிட்டாங்க. சரி. அவன் என்ன ஆனான்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிஸேயின் மூலத்தில் ஸுர்கா தனியாக நிற்பதோடு முடிகிறது. பின்னால் வந்த பதிப்புகளில் ஒன்றில் கத்தியால் குத்துகிறார்கள். இன்னொன்றில் நெருப்பில் போகிறான். எந்தப் புத்தகத்தை வைத்துப் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று விளக்கினேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுகூடத் தெரியாமலா இவ்வளவு நேரம் பேசின?" என்றவர், ஸ்பீக்கரைச் சுட்டிக்காட்டி, "அவனை இன்னொரு தடவ போடு" என்றார்.